ஓடை மீனும் ஆழி மீனும்

நீலகிரியின் அவலாஞ்சி ஓடையில் வாழும் டிரவுட் மீன் அம்மண்ணுக்கு உரியதன்று. தூண்டில் இன்பம் கருதி ஆங்கிலேயர் கொணர்ந்து, 1907இல் பொரிப்பகமும் அமைத்து வளர்த்தது. பகாங் மாநிலத்து ரொம்பின் கடலில் துள்ளும் மயில்மீனை எவரும் கொணரவில்லை. அக்கடலே அதன் வீடு.

டிரவுட் வீணே அலைவதில்லை. கல்லின் மறைவில் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் பூச்சியைக் கவ்வும். குளிர்நீரே அதன் உயிர்நிலை. 10 பாகை நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் கரையும் உயிர்வளி, 30 பாகையில் ஏழரையாகக் குறைந்துவிடும்.

மயில்மீனின் இயல்பு வியப்பூட்டுவது. வெப்பக்கடலில் வாழ்ந்தும் அது தன் கண்ணையும் மூளையையும் தனியே சூடேற்றிக்கொள்கிறது! கண்ணை அசைக்கும் தசையொன்றே அடுப்பாக மாறியிருக்கிறது. ஆழத்துக் குளிரில் இறங்கும்போதும் அதனால் பார்வை மங்குவதில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் விரையும் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. அண்மை ஆய்வுகள் அதில் பாதியைக்கூட ஒப்பவில்லை. சிறுமீன் கூட்டத்தைச் சிதறடிக்க அவ்வேகமே போதும்.

நீர் சூடேறினால் மயில்மீனுக்குப் பெயர்ந்து செல்லக் கடல் உண்டு. டிரவுட்டோ ஓடையின் மேற்பகுதிக்கே ஏறவேண்டும். ஏற ஏற நீர் சுருங்கும். நீலகிரியிலோ இடையிடையே அணைகளும் நிற்கின்றன.