உறுமி அழைக்கும் புந்தோங்

ஈப்போவிற்கு எத்தனையோ தடவை வந்திருப்பீர்கள். லாஹாட் சாலையில் சேலை எடுத்திருப்பீர்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பீர்கள். ஆனால், தைப்பூசத்திற்கு முதல் நாள் அந்தி சாயும் வேளையில் சுங்கை பாரி ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் பக்கம் வந்து நின்றதுண்டா?

வழி கேட்க வேண்டியதில்லை. உறுமிச் சத்தமே உங்களை அழைத்துப் போகும். இங்கிருந்துதான் காவடிகள் புறப்பட்டு, குனோங் சீரோவிலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்குப் போகின்றன. காவடியைப் பார்க்க வருவோர் ஆயிரம் பேர். நான் உங்களை அழைப்பதோ காதால் கேட்க.

உறுமியைக் கிட்டே போய்ப் பாருங்கள். இடை சிறுத்த, உடுக்கை போன்ற மேளம். ஆனால் அதைவிடப் பெரியது. ஒரு பக்கத்தை நேரான குச்சியால் அடிக்கிறார்கள். மறுபக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றைக் கலக்கும் அந்த உறுமல் பிறக்கிறது. கூடவே இரட்டையாகக் கட்டிய பம்பை, தவில், தாளம். நடுவில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாட, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுக்கிறார்கள். முருகன் பாட்டு முடிந்ததும் மதுரைவீரன், முனியாண்டி, காளியம்மன் என்று தோட்டத்துத் தெய்வங்கள் ஒவ்வொன்றாய் வந்துவிடும். பாடியவருக்குத் தொண்டை கட்டினால் மைக் கை மாறும். பம்பைக்காரருக்குத் தோள் வலித்தால் பக்கத்தில் நிற்கும் பையன் குச்சியை வாங்கிக் கொள்வான். அவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தோட்டத்துத் திருவிழாவில் காலையில் பால்மரம் சீவியவர்தானே மாலையில் மேளக்காரர்! சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் போயின. சனங்கள் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேளம் ஒன்றுதான் லாரியில் ஏற்றாமலே கூட வந்தது.

அடுக்குமாடியில் மேளம் பழக முடியுமா? அண்டை வீட்டார் சும்மா இருப்பார்களா? பையன்கள் கார் நிறுத்துமிடத்திலும் கோயில் கொல்லையிலும் பழகுகிறார்கள். அதைப் பார்த்து "ரவுடிக் கூட்டம்" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிலேயே உண்டு. சில குழுக்கள் சாமி ஊர்வலத்தில் சினிமாக் குத்துப்பாட்டு வாசிப்பது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அதற்காக மேளத்தையே நிறுத்திவிடலாமா? சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை இருந்தது. 2016இல்தான் பாதையில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறையே கேட்காமல் வளர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் எந்த மேளத்தை யார் தொடலாம் என்பதில் சாதி புகுந்திருந்தது. இங்கே வட்டத்தில் நிற்கும் பையன்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். என்னிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நின்ற மாணவன் ஒருவன், இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் பம்பையில் காலப்பிரமாணம் பிசகாமல் மூன்று மணி நேரம் நிற்பதை நான் கண்டேன். வகுப்பில் அவனுக்கு நான் போட்ட மதிப்பெண் இதில் சேராது.

வருவதானால் மாலை ஐந்து மணி வாக்கில் வந்துவிடுங்கள். பிறகு கார் நிறுத்த இடம் கிடைக்காது. வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். பழைய பாட்டை எடுத்தால் அவர்கள் வாய் தானாக முணுமுணுக்கும்.

காவடியோடு நடக்க முடிந்தவர்கள் கல்லுமலை வரை நடக்கலாம். சுண்ணாம்புக்கல் மலை இருட்டில் கறுத்து நிற்கும். 1973 அக்டோபரில் இதே குனோங் சீரோவில் பாறை சரிந்து நாற்பது பேர் வரை மாண்டதை மூத்தவர்கள் இன்னும் பேசுவார்கள். மலையடியில் காவடி உள்ளே போனதும் மேளம் ஓயும். பையன்கள் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்து, சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, அடுத்த காவடியை அழைத்துவரப் புந்தோங்குக்குத் திரும்புவார்கள்.