இடது கார்னர்

சென்ற மாதம் எங்கள் கல்லூரி மாணவன் ஒருவனின் தந்தை துறைக்கு என்னைத் தேடி வந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பையன் தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக் கபடி அணியில் இடது கார்னர். பட்டம் முடித்ததும் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பையனோ சென்னையில் ஒரு பயிற்சி விடுதியின் வீரர் தேர்வுக்குப் போயே தீருவேன் என்கிறான்.

"எல்லாரும் நல்லா ஆடுறான்னுதான் சொல்றாங்க சார். இதை நம்பி விடலாமா? நீங்க ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க."

யாப்பிலக்கணம் நடத்துபவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் சடுகுடு பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வீட்டில் என் சொல்லுக்கு எடை இருப்பதும் தெரிந்தது. ஒரு குறிப்பேட்டுடன் மூன்று ஆட்டங்கள் பார்த்தேன்.

நாம் பொதுவாகப் பார்ப்பது பாடிப் போகிறவனைத்தான். செய்தித்தாளும் அவன் எடுத்த புள்ளிகளைத்தான் அச்சிடும். (நம் இலக்கணத்திலும் இதே கதைதான். மதில் காப்பவரின் நொச்சியைத் தொல்காப்பியம் முற்றுகையிடுபவரின் உழிஞைக்குள் அடக்கிவிட்டது. புறப்பொருள் வெண்பாமாலையில்தான் அதற்குத் தனித்திணை கிடைத்தது.) ஏழு பேர் நிற்கும் தடுப்பு வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்கள் கார்னர்கள். பாடி வருபவனுக்கு முப்பது வினாடி. ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருந்தால் அவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுவான். அப்போது அவன் உடலின் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில். அந்தக் கணத்தில் கணுக்காலைப் பற்ற வேண்டும். முந்தினால் தொட்டுவிட்டுப் போய்விடுவான். பிந்தினால் கால் இருக்காது.

முதல் இரண்டு ஆட்டங்களில் பையனின் பிடிகளை எண்ணினேன். மூன்றாவது ஆட்டத்தில் எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது. இடைவேளைக்குப் பிறகுதான் கவனித்தேன்: எதிரணியின் மிகச் சிறந்த ரைடர் இவன் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். ஒவ்வொரு முறையும் நடுக்கோட்டைத் தாண்டியதும் மறுபுறமே திரும்பினான். அங்கே எங்கள் வலது கார்னரும் கவரும் சேர்ந்து அவனை மூன்று முறை மடக்கினார்கள். கைதட்டல் அவர்களுக்கு.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பையன் வந்து நின்றான். "நேத்து ஒண்ணுமே ஆடல சார். நீங்க வந்த அன்னைக்குப் போய் ஒரு பிடி கூட இல்ல" என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில். குறிப்பேட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. களத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சும்போது, பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்ற ஆசையில் பொறுமை இழக்கிறான். கவர் வந்து சேருமுன் தனியாகப் பாய்கிறான். மிகப் பெரிய குறை, அவன் செம்மண்ணில் வெறுங்காலுடன் கற்றவன். மண் வழுக்கும், அந்த வழுக்கலைக் கணக்கில் கொண்டே அவன் உடல் திரும்புகிறது. மேட்டில் காலணி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே இதே திருப்பம் முழங்காலைப் பதம் பார்க்கும்.

புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. 2017 முதல் பன்னிரண்டு அணிகள். அணிக்கு இரண்டு கார்னர் என்றால் களத்தில் இருபத்துநான்கு இடம். அரியானா இளைஞர்களோடும் ஈரானியர்களோடும் அதற்குப் போட்டியிட வேண்டும். ஈரானின் ஷாட்லூயி 2023 ஏலத்தில் 2.35 கோடிக்குப் போனார். அவரும் இடது கார்னராக அறிமுகமானவர்தான். தந்தைக்கு அந்தத் தொகை தெரிந்திருந்தது! அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன். வலது கார்னர். 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றபோது அவர் நாற்பதைக் கடந்திருந்தார். பாய்ச்சல் குறைந்தாலும் காத்திருக்கத் தெரிந்தவன் மூலையில் நீடிக்கலாம். ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளும் இருக்கின்றன. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு இடமும் உண்டு. என் கணிப்பில் பையனுக்கு எட்டக்கூடியது இவற்றில் ஒன்று. லீக் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் தந்தையிடம் சொன்னேன். மேட்டில் ஓராண்டு ஆடட்டும், பிறகு தெரிந்துவிடும் என்றேன்.

"ஒரு வருஷமா..." என்று இழுத்தார். "விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி சார்."

எனக்கு மாதச் சம்பளம். ஓராண்டு என்று சொல்வது எளிது. இரண்டுக்கும் போடட்டும் என்றேன். சொன்ன பிறகு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போய்விட்டது. திங்கட்கிழமை வருகைப்பதிவு விலக்குக்குக் கையெழுத்து வாங்க, சென்னை கிளம்பும் கோலத்தில் துறைக்கு வந்தான். தோள்பையின் பக்கவாட்டில் ஒரு காலணிப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. மேட்டில் ஆடுவதற்கானது. அப்பா வாங்கிக் கொடுத்தாராம், அளவு சற்றுப் பெரியது என்றான்.