அரநாயக்க விபத்தும் நான் எழுதிய தலைப்பும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்ட வேளை, 30ஆம் திகதி லுணுவிலயில் விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் ஒன்று விழுந்தது. வெள்ள நிவாரணப் பணியில் தாழப் பறந்துகொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து அது. விமானி உயிரிழந்தார். சில நாட்கள் கழித்து, சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்தார். அவர் கேட்டது லுணுவிலயைப் பற்றியல்ல.

"தம்பி, நம்மட தலைவர்ர ஹெலி எப்பிடி விழுந்த எண்டு ஒங்கட பேப்பர்ல கடைசியா எழுதினீங்களா?"

"இல்ல காக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் கரையில் 'தலைவர்' என்றால் இன்றும் ஒருவர்தான். சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை உருவாக்கிய மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்ததற்குக் காரணமானவர். 2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. பொதுத் தேர்தலுக்கு இன்னும் மூன்றரை வாரங்களே இருந்தன. கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கி அவர் புறப்பட்ட விமானப்படையின் எம்.ஐ. 17 ரக ஹெலிகொப்டர், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில் ஊரகந்த மலையில் வீழ்ந்து நொறுங்கியது. அவருடன் பயணித்தவர்களில் எவரும் பிழைக்கவில்லை.

அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப்பிரிவில் இருந்தேன். தொலைபேசிகள் ஓயவில்லை. ஊரிலிருந்து அழைத்தவர்கள் அழுதார்கள். சிலர் எதுவும் பேசாமலேயே வைத்துவிட்டார்கள். இரவு பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் நேரத்தில் நான் எழுதிய தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது: விபத்தா, சதியா? அன்றைய நிலையில் அக்கேள்வி நியாயமற்றதென்று சொல்லமுடியாது. யுத்த காலம். 1995 ஏப்ரலில் பலாலிக்கு அண்மையில் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதை நாடு மறந்திருக்கவில்லை. தேர்தல் களமும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால், கேள்வியை அச்சிட்ட நான் விடையைத் தேடிப் போகவில்லை என்பதே என் குற்றம். தேர்தல் வந்தது, புதிய அமைச்சரவை வந்தது, வேறு செய்திகள் வந்தன. கேள்விக்குறி மட்டும் மக்களிடம் தங்கிவிட்டது.

பிற்காலத்தில்தான் தாழப் பறத்தலின் ஆபத்தைப் பற்றி வாசித்து அறிந்துகொண்டேன். உயரமும் வேகமும் விமானியின் கையிருப்பு. ஹெலிகொப்டரின் இயந்திரம் நின்றுபோனால் அது கல்லைப்போல் விழுவதில்லை. கீழிறங்கும்போது எதிர்ப்படும் காற்றே விசிறியைச் சுழலவைக்க, ஓரளவு பத்திரமாகத் தரையிறக்கலாம். அதற்குப் போதிய உயரமாவது, வேகமாவது கையிலிருக்க வேண்டும். மின்கம்பிகளைப் பரிசோதிப்போரும், வெள்ளப் பரப்பை அளப்போரும், பூமிக்கடியில் உள்ள கனியங்களை ஆகாயத்திலிருந்து ஆராய்வோரும் இரண்டையும் குறைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். பணியின் தன்மையே அது. ஆற்றின் குறுக்கே போகும் ஒரு மின்கம்பிகூட அவர்களுக்கு எமன்.

மலைநாட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. நிலத்தைக் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானி முகிலுக்குக் கீழே நிற்க முயல்வார். முகில் அதே உயரத்தில் நிற்க, கீழேயுள்ள நிலமோ மேலெழுந்துகொண்டே வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒடுங்கும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஹெலிகொப்டர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 55 மீற்றரைக் கடந்துவிடுகிறது. அரைக் கிலோமீற்றர் தொலைவில் மலை தெரிந்தால் திரும்புவதற்குக் கிடைப்பது ஒன்பது வினாடிகள். முகிலுக்குள் புகுந்துவிட்டாலோ, எது மேல், எது கீழ் என்று உடலே பொய் சொல்லத் தொடங்கும். இயந்திரத்தில் எக்குறையும் இல்லாமல், விமானியின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதிய வானூர்திகள் உலகில் எத்தனையோ. ஊரகந்தவில் நடந்தது இதுதான் என்று நான் கூறவரவில்லை. கூறும் தகுதி விசாரணைக்கு மட்டுமே உண்டு.

அதே எம்.ஐ. 17 குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகொப்டர் 2021 டிசம்பர் 8ஆம் திகதி தமிழ்நாட்டின் குன்னூர் அருகே வீழ்ந்து, இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் மரணமடைந்தனர். அங்கும் சதி என்ற பேச்சு உடனே எழுந்தது. விசாரணைக் குழு பறப்புத் தரவுப் பதிவையும் விமானிகளின் குரல் பதிவையும் ஆராய்ந்தது. 2022 ஜனவரி 14ஆம் திகதி அதன் ஆரம்ப முடிவு அறிவிக்கப்பட்டது: வானிலை எதிர்பாராமல் மாறியதால் முகிலுக்குள் நுழைந்து, திசையுணர்வு தடுமாறி மலையில் மோதியது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ கவனக்குறைவோ காரணமல்ல என்றும் அது கூறியது. அம்முடிவை ஏற்காதோர் இருக்கலாம். ஆயினும் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ அவர்கள் கையில் ஒரு விடை இருக்கிறது. அது கிடைக்க ஐந்து வாரங்களே ஆயின.

எங்களுக்கு? அஷ்ரபின் மரணத்தை ஆராய 2001இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அது சாட்சியங்களைப் பதிவுசெய்தது. அதன் அறிக்கை ஆண்டுக்கணக்காக மக்கள் முன் வைக்கப்படவில்லை. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னர், அச்சட்டத்தின் கீழ் முன்னாள் அமைச்சர் பஷீர் சேகுதாவூத் விண்ணப்பித்துக் கேட்கவேண்டியிருந்தது. மக்கள் பணத்தில் நடந்த விசாரணையின் முடிவை மக்களே மனுப்போட்டுக் கேட்பது என்ன நியாயம்?

இடைப்பட்ட காலத்தில் அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பிக்கொண்டது. தேர்தலுக்குத் தேர்தல் மேடைகளில் ஒருவர் மற்றவரைக் கொலைகாரர் என்றார்கள். ஒருவருமே நிரூபிக்கவில்லை, நிரூபிக்கும் அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. விடையில்லாத மரணம் அரசியலுக்கு நல்ல முதலீடு. ஆனால் அன்று உயிர் நீத்தவர்களுள் தலைவர் மட்டுமா இருந்தார்? கட்சிக்காரர்கள், மெய்ப்பாதுகாவலர்கள், விமானப்படையினர் என்று பலர். அவர்களின் பிள்ளைகளும் இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தார்கள்.

வலை பின்னிய அந்தப் பெரியவர் என்னை அனுப்பும்போது மேலும் ஒன்று சொன்னார். கடலில் ஒரு தோணி கவிழ்ந்தால், பிழைத்து வந்தவன் எந்த இடத்தில், எந்த நீரோட்டத்தில் கவிழ்ந்தது என்று கரையில் எல்லோருக்கும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த தோணியும் அதே இடத்தில் போய்க் கவிழும்.

விபத்து விசாரணையின் நோக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் எனக்கு விளக்கியதில்லை. லுணுவிலயில் இறந்த விமானியின் குடும்பத்துக்கும் இனித் தாழப் பறக்கப்போகும் இளம் விமானிகளுக்கும் அந்த அறிக்கை முழுமையாகக் கிடைக்கவேண்டும். அதற்காக 2000இல் நான் செய்யத் தவறியதை இன்றைய இளம் செய்தியாளர்கள் செய்யவேண்டும். தலைப்பில் கேள்விக்குறி போடுவது எளிது. விடை வரும்வரை வாரந்தோறும் போய்க் கேட்பதுதான் தொழில். அஷ்ரபின் அறிக்கையைக் கேட்டு நானும் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகள் பிந்திவிட்டதுதான். ஆயினும் அந்தப் பெரியவருக்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது.