காசு கட்டினால் கறுப்புத் திரை

காசு கட்டிப் பார்க்கிற படம் கறுப்பாக வரும், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த படம் தெளிவாக ஓடும். கணினியை ரீவியிலோ புரொஜெக்டரிலோ கொழுவிப் படம் பார்க்கிற வீடுகளில் இது இப்ப ஒரு புதினமே இல்லை. கேபிள் பழுது, ரீவி பழுது, சைனா சாமான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். கேபிளை மாற்றியும் பார்ப்போம். பல நேரம் கேபிளில் ஒரு பிழையும் இருக்காது. கறுப்பைக் காட்டும்படிதான் அந்தக் கருவிகளைச் செய்திருக்கிறார்கள்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வத்தளையில் எங்களில் ஒருவரின் வீட்டு மேல்மாடியில் கூடிப் படம் பார்க்கிறோம். ஏழெட்டுப் பேர். கொட்டாஞ்சேனைக்காரர் சீக்கிரம் வந்துவிடுவார்கள், வெள்ளவத்தைக்காரர் பஸ் மாறி வந்து சேரும்போது தேத்தண்ணி ஆறியிருக்கும். சாமான்களைச் சொல்லிவிடுகிறோம்: ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட ரீகண்டிஷன் கணினி, விஜிஏ மட்டும் உள்ள பழைய புரொஜெக்டர், நடுவில் எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிற ஒரு சின்னப் பெட்டி, வெள்ளைச் சுவர். மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறது. தளத்தின் முகப்பு, போஸ்டர்கள், தேடுகிற கட்டம் எல்லாம் சுவரில் பளிச்சென்று தெரியும். பிளேயை அழுத்தினால் சத்தம் வரும், சப்டைட்டிலும் வரும், படம் இருக்கவேண்டிய இடம் மட்டும் கறுப்பு. வேறு பிரௌசரில் திறந்தால் சிலவேளை படம் வருகிறது, ஆனால் முகங்களெல்லாம் நீராவி பிடித்த கண்ணாடியில் பார்ப்பதுபோல.

என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தோம். கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் பாரமான பாடம்தான், ஆனாலும் விளங்கியதைச் சொல்கிறோம்.

எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின்கள். படமும் சத்தமும் போகிற கம்பிகளோடு, கருவிகள் இரண்டும் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளவும் கம்பிகள் இருக்கின்றன. முதலில் ரீவி தன்னை அறிமுகம் செய்கிறது: நான் இன்ன கம்பனி, இந்தந்த அளவுப் படம் எனக்குத் தாங்கும். இந்த அறிமுகக் கடிதத்துக்கு ஈடிஐடி என்று பெயர். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். இது ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் கணினி ஏதோ ஒரு அளவை ஊகித்து அனுப்பும். படம் சிறுத்தோ, ஓரம் வெட்டுப்பட்டோ, வராமலோ போவது அதனால்தான். இது வெறும் இணைப்புப் பிரச்சினை, சமாளிக்கலாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் பூட்டு. எச்டிசிபி என்பார்கள், இன்டெல் கம்பனி உருவாக்கியது. முதல் பதிப்புகளில் ஒவ்வொரு கருவிக்குள்ளும் 40 இரகசியச் சாவிகள் வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் 56 பிட். கணினியும் ரீவியும் சாவியைச் சரிபார்த்து, 'நீ அனுமதி வாங்கின ஆள்தான்' என்று ஒத்துக்கொண்டால்தான் படம் போகும். ஒருமுறை பார்த்து விடுவதோடு முடியாது. 128 பிரேமுக்கு ஒருதரம், அதாவது ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒருதரம், திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய காலத்துச் சோதனைச்சாவடி நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பில்லை. விஜிஏ என்பது அனலொக் இணைப்பு, அதில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. ஆகவே எங்கள் சுவர் கறுப்பு.

அதோடு பதிப்புச் சண்டை. 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 கேட்கிறார்கள். கணினி, நடுவில் இருக்கிற ஹோம் தியேட்டர் ரிசீவர், ரீவி எல்லாமே 2.2 ஆக இருக்கவேண்டும். ஒரேயொரு பெட்டி பழையதாக இருந்தாலும் 4கே வராது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 அளவுக்குப் போன நாட்டில், இருக்கிற ரீவி நல்லாத்தான் ஓடுது என்று வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம். அந்த வருசத்து மின்வெட்டுகளுக்குள் இந்தக் கருவிகளைப் பாவித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: கரண்ட் திரும்பி வரும்போது எது முதலில் எழும்புகிறதோ அதைப் பொறுத்து, மற்றதை அடையாளம் தெரியாது என்று நிற்கும். எல்லாவற்றையும் கழற்றி, முதலில் ரீவி, பிறகு ரிசீவர், கடைசியாகக் கணினி என்று போடவேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் பூட்டு பாதுகாப்பானதா என்றால், இல்லை. 2001இலேயே நீல்ஸ் ஃபெர்குசன் என்ற டச்சு இரகசியக் குறியீட்டு அறிஞர் இதை உடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். நான்கு கணினியும் 50 திரைகளும் இருந்தால் இரண்டு கிழமையில் மூலச் சாவியை எடுத்துவிடலாம் என்று சொன்னார். அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து ஆய்வை வெளியிடவில்லை. 2010 செப்டெம்பரில் அந்த மூலச் சாவியே இணையத்தில் வெளியாகிவிட்டது, உண்மையானதுதான் என்று இன்டெல்லும் ஒத்துக்கொண்டது. அதற்கு முன் டிவிடியின் பூட்டுக்கும் இதே கதி: 1999இல் அதைத் திறக்கிற நிரலை வெளியிட்டவர்களில் ஒருவர் யொன் லெக் யொஹான்சன் என்ற நோர்வேப் பதின்ம வயதுப் பையன். வழக்குப் போட்டார்கள், 2003இல் விடுதலையானார்.

திருட்டுக் கொப்பி போடுகிறவருக்கு உலகத்தில் எங்காவது ஒரு இடத்தில், ஒரேயொரு தடவை பூட்டு திறந்தால் போதும். அங்கிருந்து வெளியே வருகிற கோப்பில் சாவியும் இல்லை, இரண்டு விநாடிக்கொரு கேள்வியும் இல்லை, விஜிஏயிலும் ஓடும். பூட்டு கடைசிவரை நிற்பது சந்தா கட்டினவரின் வீட்டில்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்கார அண்ணாவிடம் விசயத்தைச் சொன்னோம். "தம்பி, இந்த ஸ்ப்ளிட்டரப் போடுங்க, சரிவரும்" என்றார். ஏன் சரிவரும் என்று கேட்டோம். "அது தெரியா, ஆனா எல்லாருக்கும் சரிவருது." சில மலிவு ஸ்ப்ளிட்டர்கள் கணினியிடம் சாவியைக் காட்டிவிட்டு, மறுபக்கம் பூட்டுப் போடாமலே படத்தை விட்டுவிடுகின்றன. கட்டின காசுக்குப் படம் பார்க்க இப்படியொரு கள்ளப் பெட்டி வேண்டுமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். இன்னும் முடியவில்லை.

பழசுக்குத்தான் இந்தக் கதி என்றும் இல்லை. 4கே புளூரே டிஸ்க்கைக் கணினியில் பார்க்க இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற ஒரு பாதுகாப்பு அறை கட்டாயம். 2021இல் வந்த 11ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்களில் இன்டெல் அந்த அறையை எடுத்துவிட்டது. புதுக் கணினி வாங்கினவர் கையில் காசு கொடுத்து வாங்கின டிஸ்க் இருக்கிறது, படம் இல்லை.

எங்களை இதைவிட அதிகம் தொல்லைப்படுத்துவது ஸ்கிரீன்ஷொட். ஒரு நாவலைப் பற்றி எழுதினால் வேண்டிய பந்தியை எடுத்துப் போட்டு, 'இந்த வசனத்தைப் பாருங்கள்' என்று சொல்லலாம். படத்தைப் பற்றி எழுதும்போது காட்டவேண்டியது ஒரு பிரேம். அதை எடுக்கப்போனால் கறுப்புச் சதுரம்தான் சேமிப்பாகிறது. இங்கே வந்த சினிமாக் கட்டுரைகளைத் திருப்பிப் பாருங்கள்: படமாக இருப்பது போஸ்டர், கட்டுரையில் இருப்பது கதைச்சுருக்கம். எங்கள் சோம்பலும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கமரா எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்று எழுதி, அதைக் காட்டமுடியாமல் விட்டால் வாசிக்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு எங்களோடு சண்டை பிடிப்பார்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனத்துக்கும் கற்பித்தலுக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. சிப்புக்குள் இருக்கிற பூட்டு அந்தச் சட்டத்தை வாசித்ததில்லை.

படம் எடுக்கிறவரின் பக்கமும் எங்களுக்குத் தெரியும். இலங்கையில் தமிழில் படம் எடுத்து ஒரு தியேட்டர் பிடிப்பதே பெரும்பாடு, முதல் வாரத்திலேயே கொப்பி வெளிவந்தால் போட்ட காசு போச்சு. அவர்களுக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் இந்தப் பூட்டுக்கான அனுமதிக் கட்டணம் போய்ச் சேருவது இன்டெல்லின் துணை நிறுவனத்துக்கு, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கமரா தூக்குகிறவருக்கு இல்லை.

நாங்கள் கூடுகிற வீட்டிலிருந்து ஹெந்தளை கிட்டத்தான். கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. 1983 ஜூலையில் அதை எரித்தார்கள். அங்கிருந்த நெகட்டிவ்களும் எரிந்தன. நெகட்டிவ் போன ஒரு படம் இன்று பார்க்கக் கிடைக்கிறதென்றால், வேறெங்கோ ஒரு கொப்பி தப்பியிருக்கவேண்டும். யூடியூபில் பழைய இலங்கைப் படங்கள் சிலவற்றைப் பார்த்தால் மூலையில் ஒரு ரீவி அலைவரிசையின் இலச்சினை தெரியும், இடையில் நாடா கிழிந்த கோடு ஓடும். யாரோ ஒருவர் வீட்டு டெக்கில், அனுமதி கேட்காமல் பதிந்து வைத்தது. சந்தாத் தளங்களில் மட்டும் வெளியாகிற படங்களை இப்படி யாரும் பதிந்து வைக்கமுடியாது. டிஸ்க்கும் இல்லை, பிரிண்டும் இல்லை. தளம் ஒரு நாள் எடுத்துவிட்டால் வீட்டில் மிஞ்சுவது போஸ்டரும் எங்கள் கதைச்சுருக்கமும்தான்.

இப்போதைக்கு டிவிடிக்குத் திரும்பியிருக்கிறோம். மஞ்சள் ஏவி வயர் யாரிடமும் சாவி கேட்பதில்லை, படம் 4கே இல்லாவிட்டாலும் முகம் தெரிகிறது. லண்டனிலிருந்து ஒருவரின் மாமா கொண்டுவந்த டிஸ்க்குகள் 2ஆம் வலயம், எங்கள் பக்கம் 5ஆம் வலயம், அதனால் எல்லா வலயமும் ஓடுகிற ஒரு பழைய பிளேயரைக் கொட்டாஞ்சேனையில் தேடிப்பிடித்தோம். வருகிற சனி நாலு மணிக்குத் தொடங்குகிறோம். பிளேயருக்கு ரிமோட் இல்லை. சப்டைட்டில் போட அது வேணும், வீட்டு லாச்சியில் ஏதாவது பழைய ரிமோட் கிடந்தால் கொண்டுவாருங்கள்.