ஹைட்ரோ பில்

ஒன்ராறியோவில் மின்கட்டணப் பட்டியலுக்கு இன்னும் ‘ஹைட்ரோ பில்’ என்றுதான் பெயர். நயாகராவில் விழுந்த தண்ணீர் தந்த பெயர் அது. இன்று மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அணு உலைகளிலிருந்து வருகிறது.

ஏஜக்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் வீடு பிக்கரிங் அணுமின் நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள். அதனால் அயடின் மாத்திரைப் பெட்டி வீடு தேடி வந்தது. மனைவி அதைப் பெருங்காயம் கிடக்கும் லாச்சிக்குள் போட்டுவிட்டார். 2020 ஜனவரி 12, ஞாயிறு காலை, மாகாணம் முழுக்கக் கைபேசிகள் அலறின: பிக்கரிங்கில் ஏதோ சம்பவமாம். தவறாக அனுப்பிய எச்சரிக்கை என்று மறு அலறல் வர ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் லாச்சியை மூன்று தரம் திறந்து மூடிவிட்டார்கள்.

ஆனால் அந்த வீட்டில் சண்டை பயத்தைப் பற்றியதல்ல, காசைப் பற்றியது.

2009இல் மாகாணம் பசுமை ஆற்றல் சட்டம் கொண்டுவந்தது. கூரையில் சூரியத் தகடு போட்டு மின்சாரம் விற்றால் யூனிற்றுக்கு 80.2 சதம், இருபது வருட ஒப்பந்தம். மின்சாரத்தின் விலை மட்டும் பார்த்தால் அப்போது பத்துச் சதத்துக்குள். ஸ்காபரோ மச்சான் 2010இல் போட்டார். “உன்ர கூரைக்கு நான் காசு கட்டுறன்” என்பார் இவர். “அத்தான், உங்கட பில்லில இருக்கிற கடன் ஆற்ற?” என்பார் மச்சான்.

மச்சான் சொன்னதில் நியாயம் இருந்தது. 1993இல் கட்டி முடிந்த டார்லிங்டன் அணுமின் நிலையம் 1,440 கோடி டொலரில் போய் நின்றது. முதலில் போட்ட கணக்கு அதில் பாதிகூட இல்லை. அதைக் கட்டிய பழைய மின்வாரியத்தின் கடனுக்காக 2002 முதல் 2015 முடிவு வரை வீடுகள் யூனிற்றுக்கு 0.7 சதம் கட்டின. கூரைத் தகடு தெருவில் போகிறவர் கண்ணிலும் படும். இந்த 0.7 சதமோ பில்லின் அடியில் ஒரு வரி.

அத்தான் சொல்வதும் பொய்யல்ல: ஜனவரி மாலை ஏழு மணிக்கு எந்தத் தகடும் விளக்கெரிக்காது. 1990க்குப் பிறகு கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி வானொலி கேட்டவர் அவர். (அந்தப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு யாரும் மானியம் தரவில்லை.)

2018இல் புதிய அரசு 758 பசுமை ஒப்பந்தங்களை இரத்துச் செய்தது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் நிறுத்திய காற்றாலைகளையும் பிடுங்கினார்கள். இரத்துக்கான செலவு 23 கோடி டொலருக்கு மேல். 2025 மே மாதம் டார்லிங்டனில் நான்கு சிறு உலைகளுக்கு 2,090 கோடி டொலர் திட்டம் அறிவிக்கப்பட்டது.

முதல் உலை 2030 முடிவில் மின்சாரம் தருமாம். மச்சானின் ஒப்பந்தம் முடிவதும் அந்த வருடம்தான். அதுவரை ஏஜக்ஸ் வீட்டில், கட்டணம் குறைகிற இரவு ஏழு மணிக்குப் பிறகுதான் உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடும்.