ராஜா வீட்டில் ஒரு திங்கட்கிழமை

புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தையும் திருமயம் கோட்டையையும் பார்த்துவிட்டு, "சரி, பார்த்தாயிற்று" என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஊருக்குள் இறங்கி, "புது அரண்மனை எங்கே?" என்று கேளுங்கள். "கலெக்டர் ஆபீஸைத்தானே கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆம், இரண்டும் ஒன்றேதான்!

1930-ல் எழுந்த மாளிகை இது. மேல்நாட்டுக் கட்டடக் கலையும் நம் நாட்டுக் கலையும் சம்பந்தம் செய்துகொண்டது போன்ற இந்தோ-சாரசெனிக் அமைப்பு. அப்போது பட்டத்தில் இருந்தவர் ராஜகோபாலத் தொண்டைமான். 1928-ல் அவர் ராஜாவானபோது வயது ஆறு! சமஸ்தானத்தின் பரப்பு 1,178 சதுர மைல். ராஜாவுக்கு 17 பீரங்கி மரியாதை. சொந்த நாணயம்கூட உண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அதுதான் அம்மன் காசு. நவராத்திரி வந்தால் அரிசியோடு அந்தக் காசையும் தானமாக வழங்குவார்கள்.

1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. திருச்சி ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. தலைநகராக இருந்த ஊர்க்காரர்கள் கலெக்டரைப் பார்க்கத் திருச்சிக்குப் பிரயாணம் செய்ய வேண்டியதாயிற்று. 26 வருஷம் கழித்து, 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ராஜாவின் மாளிகை கலெக்டர் அலுவலகமாயிற்று. 1997-ல் காலமான கடைசி ராஜா இதையெல்லாம் கண்ணாலேயே பார்த்தார்.

திங்கட்கிழமை ஏன் என்கிறீர்களா? அன்றுதான் குறைதீர்க்கும் நாள். மஞ்சள் பையும் மனுவுமாக ஜனங்கள் வந்து சேருவார்கள். நான் போன அன்று ஒரு மூதாட்டி என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

"தம்பி, இந்தச் சீட்டிலே என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

மனு கொடுத்ததற்கான ரசீது அது. நம்பரையும் தேதியையும் படித்தேன்.

"என்ன மனு, ஆத்தா?"

"பட்டா இன்னமும் செத்துப்போன மாமனார் பேரிலேயே கிடக்கு. என் காலத்துக்குள்ளே மாத்திப்பிட்டா மகன் பிழைச்சுக்குவான்."

சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க அப்பத்தா நவராத்திரிக்கு நடந்தே வந்து அம்மன் காசு வாங்கிட்டுப் போகுமாம். அது கும்பிட்டு வாங்கினது. நான் எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ராஜாவின் வீட்டுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் என்ன வேண்டும்? அன்று கிடைத்தது தானம். இன்று கேட்பது பாத்தியதை. கட்டடத்தின் அழகைப் பார்த்துத் திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். அப்பத்தாவின் காசு செல்லாத காசாகிவிட்டது. பேத்தியின் சுருக்குப் பையிலுள்ள சீட்டாவது செல்ல வேண்டுமே!