ஆத்தூரில் சுட்ட பீட்ஸா

"லீவுக்கு ஆத்தூர் போகிறோம்" என்று சொன்னால், "சேலம் ஆத்தூரா?" என்று ஒருத்தி கேட்பாள். "வெற்றிலைக்குப் பேர் போன ஆத்தூரா?" என்பாள் இன்னொருத்தி. அது திருச்செந்தூர்ப் பக்கம். என் புகுந்த வீடு இருப்பது திண்டுக்கல் ஆத்தூரில். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் செம்பட்டி வரும். அங்கிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் மேற்கே கொடைக்கானல் மலை நீலமாக நிற்கும். அதன் அடியில் காமராஜர் அணை. திண்டுக்கல் நகரத்துக்கே குடிதண்ணீர் அனுப்புகிற அணை.

தண்ணீர் பாய்கிற பக்கம் நெல்லும் தென்னையும். மேட்டு நிலத்தில் சோளம், மொச்சை, முருங்கை. இந்தப் பாகுபாடு வயலோடு நிற்கவில்லை, ஒரு காலத்தில் அடுப்பு வரைக்கும் வந்திருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்தது ஒரு பீட்ஸாவினால் என்றால் நம்புவீர்களா?

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது. போன மறுநாள் காலையில் என் மாமியார் கம்மங்கூழைக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து எட்டு வயதுப் பேரனுக்கு நீட்டினார்கள். அவன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"சாம்பலாட்டம் இருக்கு அப்பத்தா. எனக்கு வேண்டாம். பீட்ஸா வேணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓங்கிய கையை அத்தைதான் தடுத்தார்கள். "பிள்ளையை அடிக்காதே தாயி. அவன் சொல்றது நெசந்தான். எனக்கும் அதைக் கண்டா ஆகாது. டிவியில நல்லது நல்லதுன்னு சொல்றாங்களேன்னுதான் கரைச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு மூன்று வருஷமாக சர்க்கரை. "அரிசியைக் குறையுங்கள், ஒரு வேளையாவது சோளமோ கம்போ சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவர்கள் கேட்பதில்லை. நாக்கு ருசி என்றே நான் நினைத்திருந்தேன். அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அத்தை பிறந்தது மேட்டு நிலத்துக் குடும்பத்தில். காலையில் கூழ், மத்தியானம் சோளச்சோறு, ராத்திரி மிச்சம் இருந்தால் அதே சோளச்சோறு. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். இட்லி வேண்டுமென்றால் யாராவது காய்ச்சலில் படுக்க வேண்டும்! தண்ணீர் பாய்கிற பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சோற்றைத் தூக்குச் சட்டியில் கொண்டு வரும்போது, இவர்கள் தங்கள் சட்டியை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்களாம்.

"என் வயித்துப் பிள்ளைகளுக்குத் தினமும் நெல்லுச் சோறு போடுவேன்னு மனசுக்குள்ள ஒரு வைராக்கியம் வச்சேன். போட்டுட்டேன். இப்ப வந்து மறுபடியும் சோளத்தைத் தின்னுங்கிறாரு டாக்டரு. பட்டணத்துக்காரங்களுக்கு அது ஆசை. எங்களுக்கு அது கதி தாயி."

நான் பதில் பேசவில்லை. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. நானும் அந்த வருஷம் வண்ணக் காகிதப் பொட்டலத்தில் சோள மாவு வாங்கி, அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டவள்தான்.

பேச்சோடு பேச்சாக, பள்ளிக்கூட உப்புமாவைப் பற்றியும் சொன்னார்கள். 1960-களில் நம் ஊர்ப் பள்ளிகளின் மதிய உணவுக்கு அமெரிக்காவிலிருந்து 'கேர்' நிறுவனம் மூலமாக மக்காச்சோள மாவு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறதாம். "சீமைச் சோளம்னு தெரியாம ருசிச்சுத் தின்னோம். நம்ம சோளம்னா மட்டும் வெக்கம்" என்று சிரித்தார்கள். ஆக, வெளிநாட்டுச் சாப்பாடு இந்த ஊருக்குப் புதுசே இல்லை!

பையன் விட்டபாடில்லை. கேட்ட பொருளை வீட்டிலேயே செய்து கொடுப்பது என்று முடிவு கட்டினேன். பீட்ஸாவை நாம் பெரிய பணக்காரப் பண்டமாக நினைக்கிறோம். 1996-ல் டில்லியிலும் பெங்களூரிலும் பெரிய கம்பெனிகள் கடை திறந்த பிறகு வந்த நினைப்பு அது. இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில், கூலி வேலை செய்கிறவர்கள் தெருவில் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போன ரொட்டிதான் அது. அங்கே பீட்ஸா சுடும் கலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தக்காளி கூட இத்தாலியின் சொந்தச் சரக்கு இல்லை. நமக்கு வந்ததைப் போலவே அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்ததுதான்.

இதை அத்தையிடம் சொன்னேன். "அட, கூலிக்காரன் ரொட்டியா! அப்ப அதுல நம்ம சோளத்தைப் போட்டா என்ன?" என்றார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னது.

அவனும் இல்லை, ஈஸ்டும் இல்லை. முதலில் முழுக்கச் சோள மாவிலேயே பிசைந்தேன். கல்லில் போட்டதும் நாலாகப் பிளந்தது. கோதுமையைப் பிசைந்தால் இழுக்க இழுக்க வருகிறதே, அந்தப் பசைத்தன்மை சோளத்துக்குக் கிடையாது. பிறகு இரண்டையும் கலந்தோம். நீங்களும் செய்வதானால் கணக்கு இதுதான்: ஒன்றரை டம்ளர் கோதுமை மாவு, அரை டம்ளர் சோள மாவு, அரை டம்ளர் புளித்த தயிர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தேவைக்கு வெந்நீர் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடத் தளரப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அடை கனத்துக்குத் தட்டி, இரும்பு தோசைக்கல்லில் ஒரு பக்கம் வேகவிட்டுத் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின் மேல் சட்னியைத் தடவ வேண்டும். பச்சை மாவின் மேல் தடவினால் நடுவில் வேகாமல் கொழகொழவென்று நின்றுவிடும்.

சட்னி என்றால் தக்காளி, சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் எண்ணெயில் தண்ணீர் சுண்ட வதக்கியதுதான். கடையில் தூவுகிற 'ஆரிகனோ'வுக்கு எங்கே போவது? கொல்லையில் கற்பூரவல்லி படர்ந்து கிடந்தது. நான்கு இலையைக் கிள்ளிப் பொடியாக அரிந்து போட்டேன். இரண்டும் வேறு வேறு செடிகள்தான்; ஆனாலும் வாசனை கொடுக்கிற எண்ணெய் ஏறக்குறைய ஒரே ஜாதி. மேலைநாடுகளில் கற்பூரவல்லியையே ஒரு வகை ஆரிகனோ என்றுதான் அழைக்கிறார்கள். சளிக்குப் போடுகிற இலையைப் பலகாரத்தில் போடுவதா என்று அத்தை முதலில் முகம் சுளித்தது வேறு விஷயம்.

சீஸுக்குப் பதில், ஒரு லிட்டர் பாலை எலுமிச்சம்பழச் சாறு விட்டுத் திரித்து, துணியில் வடிகட்டி உதிர்த்துப் போட்டோம். கடைச் சீஸில் உப்பு அதிகம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்தப் பால்கட்டி உருகாது. கல்லை மூடி சின்னத் தீயில் ஐந்து நிமிஷம் வைத்துத் திறந்தால், போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தது.

"நூல் நூலா வரலையே!" என்று பையன் உதட்டைப் பிதுக்கினான். பிதுக்கிக்கொண்டே மூன்று துண்டு தின்றான். ஐந்து வயதுத் தங்கை மேலே இருந்ததை மட்டும் நக்கிவிட்டு ரொட்டியை நாய்க்குப் போட்டாள். அத்தை ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றார்கள். இன்னொரு துண்டு எடுத்தார்கள்.

"இது எங்கம்மா சுடுற சோள அடைதான். அவளுக்குத் தக்காளி போடத் தெரியாது, அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

சோளம் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான். தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், அவ்வளவே. அளவு பார்க்காமல் தின்றால் அதுவும் ஏற்றும். கூடக் கீரையும் பயறும் இருக்க வேண்டும். மருந்து மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

கிளம்புகிற அன்று இரண்டு கிலோ சோள மாவும், ஈரத் துணியில் சுற்றிய கற்பூரவல்லிக் கிளையும் என் பையில் ஏறின. அது இப்போது எங்கள் பால்கனித் தொட்டியில் தழைத்துக் கிடக்கிறது. பையன் இன்று வரை கம்மங்கூழைத் தொடவில்லை.

சென்ற வாரம் அத்தை போனில் பேசினார்கள். "நேத்து ராத்திரி அந்த ரொட்டியைச் சுட்டேன் தாயி. தக்காளி போடலை. கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கிட்டுத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"மத்தியானம் என்ன அத்தை சாப்பிட்டீங்க?"

"மத்தியானம் சோறுதான். அதை விடமாட்டேன்."